ஒரு சாண் நகர்ந்த பேப்பர்

ரயிலில் முப்பது வருடம் டிக்கெட் பரிசோதித்தவருக்குச் சந்தேகம் ரத்தத்தில் ஊறிப்போயிருந்தது. வயதானவர்களுக்கென்றே குறைந்த வாடகையில் கட்டிய அந்த அடுக்குமாடியில் எல்லோரும் அவரைச் செக்கர் என்றே கூப்பிட்டார்கள். அவர் வாசலில் விழும் பேப்பர் தினமும் ஒரு சாண் நகர்ந்து கிடந்தது. எதிர்வீட்டு நர்சம்மாதான் ஓசியில் படித்துவிட்டுப் போடுகிறாள் என்று முடிவுகட்டி, ஒருநாள் காலையில் கையும் களவுமாகப் பிடித்தார்.

“என் பேப்பர்ல உங்களுக்கு என்னங்க வேலை?”

“படிக்கவா போறேன்? நீங்களே எனக்கு மங்கலாத்தான் தெரியுறீங்க. நடக்கப் போறப்ப தடியால தொட்டுப் பார்ப்பேன். திரும்பி வர்றப்பவும் பேப்பர் கிடந்தா, உள்ள நீங்க கிடக்கிறீங்கன்னு அர்த்தம். கதவைத் தட்டணும்ல.”

செக்கர் நம்பவில்லை. இதைவிட உருக்கமாகப் பேசிய டிக்கெட் இல்லாத ஆட்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். மறுநாள் வேண்டுமென்றே பேப்பரை எடுக்காமல், கதவுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். தடிச் சத்தம் போனது. அரை மணி கழித்துத் திரும்பி வந்து, வாசலில் நின்றது. செக்கர் மூச்சை அடக்கினார். பாழாய்ப்போன இருமல் பீறிட்டுக்கொண்டு வந்தது.

“உசிரு இருக்கு,” என்றது வெளியே நர்சம்மாவின் குரல். “சோதனை போதும், பேப்பரை எடுங்க.”