அக்கா சொன்ன தங்கக் கொழுக்கட்டை

அக்கா, உன்னைத்தான் கூப்பிடுகிறேன். கேட்கிறதோ இல்லையோ, சொல்லிவிடுகிறேன்.

மஞ்சள் காமாலையில் நீ போய் அடுத்த கிறிஸ்துமஸ் நெருங்கியிருந்தது. உனக்கு வருஷப் பூசை வைக்க வேண்டியிருந்தது. கோயிலில் பூசை முடிந்து வீட்டுக்கு வருகிறவர்களுக்குச் சாப்பாடு போடும்போது, இறந்தவருக்குப் பிடித்த பண்டம் ஒன்றாவது இருக்க வேண்டும் என்பது நம் ஊர்ப் பக்கத்து வழக்கம். திருப்பூருக்குப் பிழைக்க வந்த பிறகும் அம்மா அதை விடவில்லை. அப்பாவுக்கு வருஷம் வந்தபோது யோசிக்காமல் நெத்திலிக் குழம்பு வைத்தாள். உனக்கு வந்தபோது அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து என்னைக் கேட்டாள்.

"ஏலே, அக்காவுக்கு என்னல புடிக்கும்?"

"புளிச்சோறு?"

"அது ஒனக்குல்லா புடிக்கும்."

"அப்ப இடியாப்பம்?"

"அது ஒங்க அப்பாவுக்கு."

அதற்கு மேல் இரண்டு பேருக்கும் எதுவும் தெரியவில்லை. எல்லோரும் சாப்பிட்ட பிறகு சட்டியில் என்ன மிஞ்சுகிறதோ அதுதான் உன் சாப்பாடு. பிடித்திருக்கிறதா என்று உன்னை யாரும் கேட்டதில்லை. எட்டாவதோடு நான் பள்ளிக்கூடத்தை விட்டபோது, கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தையல் மிஷின் பழகச் சேர்த்துவிட்டவள் நீ. எனக்கு எந்தக் கடை டீ பிடிக்கும் என்பதுகூட உனக்குத் தெரியும். அன்றைக்கு மிஷினில் உட்கார்ந்தபோதும் இதே நினைப்புதான். பனியனைத் தைக்கிறேன், கண்ணீர் துணியில் விழுகிறது. சூப்பர்வைசர் பார்த்துவிட்டு, நனைந்த பனியனை எடுத்துத் தனியாக வைத்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் சைக்கிளில் வரும்போதுதான் அது ஞாபகம் வந்தது.

நெருப்பெரிச்சல் ஊர்ப் பக்கம் கம்பெனி கெஸ்ட் ஹவுஸில் நீ சமையலுக்கும் துடைக்கிற வேலைக்கும் போய்க்கொண்டிருந்தாய் அல்லவா? அங்கே சரக்கு செக் பண்ண ஹங்கேரி நாட்டிலிருந்து ஒரு அம்மா வந்து தங்கினார். நம் காரம் அவருக்கு ஒத்துவரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே மாவு பிசைந்து, அவர்கள் ஊர் இனிப்பு ஒன்றைச் செய்து உனக்கும் ஒரு தட்டில் கொடுத்தார். அதன் பெயருக்குத் தங்க உருண்டை என்று அர்த்தமாம். நீ அதற்குத் தங்கக் கொழுக்கட்டை என்று பெயர் வைத்துக்கொண்டு வந்தாய்.

அன்றைக்கு நீ பேசிய மாதிரி நான் பார்த்ததே இல்லை. மைதாவில் பால், மஞ்சள் கரு, வெண்ணெய், ஈஸ்ட். பிசைந்து மூடி வைத்தால் உப்பும். சின்னச் சின்ன உருண்டையாகப் பிடித்து, உருக்கிய வெண்ணெயில் முக்கி, முந்திரி மாதிரி ஒரு கொட்டைப் பருப்பைப் பொடித்துச் சர்க்கரை கலந்ததில் புரட்டி, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். திரும்பவும் கொஞ்சம் உப்பவிட்டு ஓவனில் வைக்க வேண்டும். வெந்ததும் வெனிலா போட்ட கெட்டிப் பால் ஊற்ற வேண்டும். கத்தி வைக்கக் கூடாது, கையால் பிய்த்துத்தான் தின்ன வேண்டும். "அம்மா, எனக்கு அது அவ்ளோ புடிச்சிப்போச்சு. கிறிஸ்மஸுக்கு நம்ம வீட்ல நானே செஞ்சி தாரேன், பாரு" என்றாய். பிடித்தது என்று உன் வாயிலிருந்து நான் கேட்டது அது ஒன்றுதான். அந்தக் கிறிஸ்துமஸுக்கு நீ ஆஸ்பத்திரியில் இருந்தாய்.

அம்மாவிடம் சொன்னேன். "அந்த வெள்ளக்காரி பண்டமா? அத நம்ம வாயால தின்னுருக்கமா, கண்ணாலதான் பாத்துருக்கமா? எப்படில செய்வ?" என்றாள். வேண்டாம் என்று சொல்லவில்லை.

பேக்கரியில் கேட்டதும் கொஞ்சம் ஈஸ்டைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்கள். சனிக்கிழமை சாயங்காலமே பிசைந்து மூடி வைத்தேன். மாவு என்றால் ராத்திரி முழுக்க இருந்தால்தானே பொங்கும்? நம் வீட்டில் தெரிந்த மாவு இட்லி மாவு ஒன்றுதான். இதுவும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன்.

விடிந்து பார்த்தால் மாவு மூடியிருந்த தட்டைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து, மேடையில் வழிந்து, பிறகு அமுங்கிக் கிடந்தது. வீடு முழுக்கப் புளித்த வாசம். தண்ணீர் பிடிக்க வந்த வீட்டுக்கார அம்மா வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஏங்கண்ணு, ஊட்டுக்குள்ள கள்ளு கிள்ளு வெச்சிருக்கறயா?"

"இல்லீங்கம்மா, மாவுங்க."

"நானுந்தான் நெதம் மாவாட்டறேன். எம்மாவு ஒருநாளும் இப்படி வாசமடிக்கலயே சாமி."

உள்ளே வந்து எட்டிப் பார்த்து முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். "இதக் கொண்டுபோயி மாட்டுக்கு வெச்சுப்போடாத கண்ணு. அப்பறம் அது ஆடிக்கிட்டுத்தான் ஊடு வந்து சேரும்."

அம்மா சிரித்துவிட்டாள். உனக்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். உடனே வாயைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மாவைக் கொண்டுபோய்க் கொட்டினேன். அடுத்த ஞாயிறு பூசை. நீ சொன்னதையெல்லாம் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தேன். "மாவ மூடி வச்சிட்டு அந்தம்மா டீ குடிச்சிச்சு, நான் துணிய மடிச்சி வச்சேன். திரும்பிப் பாத்தா பொம்முன்னு நிக்குது" என்று சொல்லியிருந்தாய். ஒரு டீயும் துணி மடிக்கிற நேரமும்தான். அதை நான் அன்றைக்குச் சரியாகக் காதில் வாங்கவில்லை.

பூசைக்கு ஊரிலிருந்து பெரியம்மா வந்திருந்தார். கோயிலிலிருந்து வந்ததும் நான் பிசைய ஆரம்பித்தேன். இந்தத் தடவை கையே சொல்லிக் கொடுத்தது. பனியன் கழுத்துக்கு வைக்கிற ரிப் துணியை இழுத்து விட்டால் பழையபடி சுருங்கி வரும். மாவும் இழுத்தால் அப்படி வந்தது. அதற்குமேல் பிசையவில்லை. மூடி வைத்துவிட்டு ஒரு டீ குடித்து, துணியை மடித்தேன்; பொம்மென்று நின்றதும் உருண்டை பிடித்தேன். அந்தப் பருப்புக்குப் பதிலாக வறுத்த நிலக்கடலையைப் பொடித்தேன். நம் வீட்டில் ஓவன் எங்கே இருக்கிறது? குக்கரின் அடியில் மணல் பரப்பி, விசிலும் ரப்பரும் இல்லாமல் மூடி, உள்ளே பாத்திரத்தை இறக்கினேன்.

பெரியம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "ஏலே, மண்ணப் போட்டு வேக வைக்கியே. கடல வறுக்கியா, கொழுக்கட்ட அவிக்கியா?"

"ரெண்டுந்தான் பெரியம்மா."

"தையல் மிஷினு ஓட்டுத பயலுக்கு வாயப் பாரேன்."

இறக்கியபோது அடி கருகியிருந்தது. மேலே உண்மையிலேயே தங்க நிறம். உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. வெனிலாப் பாலை ஊற்றி, முதல் உருண்டையைப் பிய்த்து உன் படத்துக்கு முன்னால் வைத்தேன். அடுத்ததை அம்மாவிடம் கொடுத்தேன். நீ போன பிறகு இனிப்பு இறங்கவில்லை என்று அவள் தொடுவதில்லை. அன்றைக்கு வாங்கிக்கொண்டாள். மெதுவாக மென்றாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நல்லா இருக்குல" என்றாள். விரலைத் துடைத்துக்கொண்டே, "அவ தின்னது இப்படித்தான் இருந்துச்சான்னு யார்ட்டக் கேக்க?" என்றாள்.

அக்கா, அந்த ருசி தெரிந்தது நம் வீட்டில் உனக்கு மட்டும்தான். பால் கெட்டியாக இருக்க வேண்டுமோ, கடலை வாசம் வரக் கூடாதோ, எனக்கு எப்படித் தெரியும்? அம்மா இன்னொன்று கேட்டு வாங்கினாள். பெரியம்மா கருகிய அடியைச் சுரண்டித் தின்றார். வீட்டுக்கார அம்மாவுக்கு ஒரு கிண்ணத்தில் கொடுத்தனுப்பினோம். சரியா தப்பா என்று சொல்ல நீ இல்லாமலே எல்லாம் தீர்ந்துபோனது.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். நீங்கள் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களாக இருந்தாலும் சரி. அடுத்த தடவை கை கூப்பும்போது எங்கள் அக்காவுக்காகவும் ஒரு நிமிஷம் வேண்டிக்கொள்ளுங்கள். அவள் போயிருக்கிற இடத்தில், உனக்கு என்ன பிடிக்கும் என்று யாராவது அவளைக் கேட்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளுங்கள்.