கன்றின் கழுத்தில் ஒரு வீக்கம்

"திங்கள். கன்றுக்குக் கழுத்தில் சோதனை ஊசி போட்டார்கள். வியாழக்கிழமை வந்து அளப்பார்களாம். வெயில் கடுமை." ஒரு புரட்டாசி மாதத்தில் என் டைரியில் நான் எழுதியிருப்பது இவ்வளவுதான்.

நாங்கள் ஒத்தக்கடையில் குடியிருக்கிறோம். என் கணவர் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். வீட்டுக்குப் பின்னால் ஒரு கலப்பினப் பசு உண்டு. அந்த ஆண்டு மாசியில் அவருக்குக் காசநோய் என்று தெரிந்தது. அவர் மாத்திரை சாப்பிடத் தொடங்கிய அதே வாரம் பசு கன்று ஈன்றது. ஏனோ கன்றைக் கிட்டவே சேர்க்காமல் உதைத்தது. ஆட்டோ ஓட்ட முடியாமல் வீட்டிலிருந்த இவர்தான் புட்டியில் பால் கொடுத்து அதை வளர்த்தார். தன் துண்டாலேயே அதன் வாயைத் துடைத்துவிடுவார். ஆறு மாத மாத்திரை முடிந்து, குணமாகிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்ன நேரத்தில், மறுபடி ஓட்டத் தொடங்கியிருந்த அவர் ஆட்டோவின் சத்தம் கேட்டாலே கன்று கத்த ஆரம்பித்திருந்தது.

அப்போதுதான் கால்நடை டாக்டரம்மா ஒருவர் எங்கள் பக்கம் வந்தார். மாடுகளுக்கும் காசநோய் வருமாம். பச்சைக் குழந்தைக்குப் போடுகிற அதே தடுப்பூசியைக் கன்றுக்குப் போட்டால் தடுக்க முடிகிறதா என்று ஆய்வு செய்கிறார்கள் என்றார். தடுப்பூசிக்கு முன்னால் கன்றுக்கு நோய் இல்லை என்று பார்த்தாக வேண்டும். கழுத்தில் ஓரிடத்தில் முடியை மழித்துச் சோதனை ஊசி போடுவார்கள். மூன்று நாள் கழித்து அங்கே தோல் தடித்திருந்தால் சந்தேகம்.

வியாழக்கிழமை டாக்டரம்மா வந்தார். ஒரு முறை அளந்தார். மறுபடியும் அளந்தார். தோல் தடித்திருந்தது.

"இந்த இடத்துல ஏதாவது தடவினீங்களா?"

"ஒண்ணும் தடவல மேடம்" என்றோம் இருவரும்.

"வீட்டுல யாருக்காவது டி.பி. இருந்துச்சா?"

என் கணவர் கையிலிருந்த கயிற்றை நழுவவிட்டார். "எனக்குத்தான் மேடம். நாந்தான் இதைத் தூக்கி வளத்தேன்."

மனிதனிடமிருந்து மாட்டுக்கும் தொற்றலாம், ஆனால் இப்போதே எதையும் முடிவு செய்ய வேண்டாம், பசுவையும் சோதிக்க வேண்டும், பாலை நன்றாகக் கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்று அவர் பொறுமையாகச் சொன்னார். இவர் காதில் எதுவும் விழுந்ததாகத் தெரியவில்லை. "அப்ப நாந்தான் குடுத்துட்டேன்" என்றார். பிறகு, ஏதாவது பேச வேண்டுமே என்பதுபோல், "வீக்கம் வடியிறதுக்கு இன்னைக்கும் பத்து போடட்டுமா மேடம், இல்ல நிப்பாட்டிரவா?" என்று கேட்டார்.

"என்ன பத்து?"

"மஞ்சளும் சுண்ணாம்பும்."

"ஒண்ணும் தடவலைன்னீங்களே அண்ணே!"

"மருந்து எதுவும் தடவல மேடம். இது நம்ம மஞ்சச் சுண்ணாம்புதான. ஊசி போட்ட இடம் வலிக்குமேன்னு ரெண்டு நாளா போட்டேன். நீங்க வாரீங்கன்னு காலையில நல்லாக் குளிப்பாட்டிட்டேன்."

"எம்புட்டு போட்டீங்க?" எங்கள் பேச்சு அவருக்கும் தொற்றிக்கொண்டது.

"மழிச்ச இடம் பூராம்."

டாக்டரம்மா தலையில் கைவைத்துக்கொண்டார். "உங்களுக்கு ஊசி போட்டா அதுக்கு மேலயும் சுண்ணாம்பு தடவுவீங்களோ?"

"தடவியிருக்கேன் மேடம்."

நாங்கள் பொய் சொல்லவில்லை. சுளுக்கு, வீக்கம், பூச்சிக்கடி என்று எது வந்தாலும் எங்கள் பக்கம் கை தானாகச் சுண்ணாம்பு டப்பாவுக்குப் போகும். அதை ஒரு வைத்தியம் என்று யாரும் கணக்கில் வைப்பதில்லை. மழித்த தோலில் சுண்ணாம்பு பட்டாலும் தடிக்கும் என்றார் டாக்டரம்மா. ஆனால் இது சுண்ணாம்பின் தடிப்பா, நோயின் தடிப்பா என்று பார்த்துச் சொல்ல முடியாது. உடனே மறுபடி சோதிக்கவும் முடியாதாம். ஒன்றரை மாதமாவது போக வேண்டும்.

அந்த ஒன்றரை மாதம் கன்றைத் தள்ளிக் கட்டினோம். தீனி வைப்பது என் வேலையாயிற்று. ஆட்டோவைத் தெருமுனையிலேயே அணைத்துவிட்டு, சத்தமில்லாமல் வீடுவரை தள்ளிக்கொண்டு வருவார் இவர். "கத்துனா போகணும்போல இருக்கு, போனா பயமா இருக்கு" என்றார். நான் வற்புறுத்தி அவருக்கும் சளிப் பரிசோதனை செய்தோம். கிருமி இல்லை என்று வந்தது. பசுவின் சோதனையிலும் குறையில்லை. அவருக்கு அதிலும் ஆறுதல் இல்லை. "எனக்கு வந்துச்சு, மாத்திரை குடுத்தாங்க. அதுக்கு யாரு குடுப்பா?" என்றார்.

கார்த்திகையில் மறுபடி ஊசி போட்ட அன்று சுண்ணாம்பு டப்பாவை அவரே எடுத்துப்போய் எதிர்வீட்டில் கொடுத்துவிட்டு வந்தார். "நானே கேட்டாலும் தராதீக" என்று சொல்லிவிட்டு வந்தாராம்.

மூன்று நாள் கழித்து டாக்டரம்மா அளந்தார். "ஒண்ணும் இல்லண்ணே. தோல் அப்படியே இருக்கு."

"இன்னொருக்கா அளங்க மேடம்."

அளந்தார். "மூணாவது தடவை கேட்டா கன்னுக்குட்டி என்னைய முட்டும்."

இவர் சாணம் கிடந்த தரை என்றுகூடப் பார்க்காமல் அப்படியே உட்கார்ந்தார். சிரித்தாரா அழுதாரா என்று சொல்வது கஷ்டம். அன்றே தடுப்பூசியும் போட்டாயிற்று. கன்று அவர் சட்டைக் காலரைச் சப்பிக்கொண்டிருந்தது, அவர் தடுக்கவில்லை.

நோய் குணமான பிறகும், அதை இன்னொரு உயிருக்குக் கொடுத்துவிட்டோமோ என்ற பயம் ஒருவரை விட்டுப் போக எவ்வளவு காலம் பிடிக்கும் என்பதை அந்த மாட்டுக் கொட்டகையில்தான் கண்டேன். முதல் வீக்கத்துக்குக் காரணம் சுண்ணாம்பு என்பதை மட்டும் இன்றுவரை யாரும் உறுதி செய்யவில்லை. டாக்டரம்மாவும் "அப்படித்தான் இருக்கணும்" என்பதோடு நிறுத்திக்கொண்டார்.