வயிற்று நோவு என்று வந்த பையன்

கோபம் எனக்கு அப்போது மூக்கு நுனியில் இருக்கும். எண்பதுகளின் தொடக்கம். கல்முனைக்குத் தெற்கே ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நான் புது டொக்டர். காலையில் வரிசை கேற்றைத் தாண்டி நிற்கும். நோயாளி சொல்லி முடிக்குமுன் என் பேனா மருந்தை எழுதிவிடும்.

அந்த வரிசையில் ஒரு வாப்பா பத்து வயது மகனைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

"வயித்து நோவு டொக்டர். ரெண்டு தரம் சத்தியும் எடுத்திட்டான்."

பையன் இடுப்புச் சாரத்தை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தபடி சுருண்டு கிடந்தான். நோவும் வாந்தியும்தானே என்று வயிற்றை அமுக்கிப் பார்த்தேன், பயப்படும்படி ஒன்றுமில்லை. அவர்கள் கொண்டுவந்த போத்தலில் மருந்து ஊற்றிக் கொடுக்கச் சொல்லி அனுப்பினேன். சாரத்தை விலக்கிப் பார்க்கவில்லை. பக்கத்தில் பெண்கள் வரிசை. அவனுக்கு வெட்கம், எனக்கு அவசரம்.

மறுநாள் காலை காய்ச்சலோடு தூக்கி வந்தார்கள். இந்தத் தடவை திரையை இழுத்துவிட்டுப் பார்த்தேன். ஒரு பக்கத்து விதை கறுத்து வீங்கியிருந்தது.

"என்ன நடந்த?" என்றேன்.

வாசலில் நின்ற மூத்த மகன்தான் அழுதழுது சொன்னான். பந்து விளையாட்டில் சண்டை வந்து, கீழே விழுந்த தம்பியைக் கவட்டில் மூன்று தரம் உதைத்திருக்கிறான். வீட்டில் சொன்னால் கொன்றுபோடுவேன் என்று மிரட்டியும் இருக்கிறான்.

வாப்பா இடுப்பு வாரை உருவினார். முதல் வீச்சிலேயே அதன் பித்தளைப் பூட்டு மூத்தவனின் காதைக் கிழித்தது. சுவரில் இரத்தம் தெறித்தது. விழுந்தவனை மிதித்தார். தடுக்கப் போன ஊழியருக்கும் ஒரு அடி விழுந்தது. நான் பாய்ந்து அவர் சட்டையைப் பிடித்துச் சுவரோடு மோதினேன். டொக்டர் செய்யக்கூடிய காரியமல்ல அது, ஆனாலும் செய்தேன்.

"நேத்தே இதைக் காட்டியிருந்தா காப்பாத்தியிருக்கலாம்! இனி மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினாலும் வெட்டி எடுக்கத்தான் வேணும்!" என்று அவர் முகத்துக்கு நேரே கத்தினேன்.

அவர் என்னை உதறிவிட்டுக் கட்டிலில் கிடந்தவன் பக்கம் வாரை ஓங்கினார்.

"ஏன்டா நேத்து டொக்டருக்குச் சொல்லல்ல?"

"அவர் கேக்கல்லயே வாப்பா. வயித்த மட்டும்தானே பாத்த."

ஓங்கிய கை அப்படியே நின்றது. அவர் திரும்பி என்னைப் பார்த்தார். அந்த வாரால் எனக்கும் ஒன்று கொடுக்கமாட்டாரா என்று இருந்தது. அவர் அதை மெதுவாக இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"செய்ய வேண்டியதச் செய்ங்க டொக்டர்" என்றார், மரியாதையாக.