மணியம்மாளுக்கு யாருமில்லை

மணியம்மாளின் முதல் மனுவை எழுதியவன் நான். அது தள்ளுபடியானதில் பாதிப் பங்கும் என்னுடையதுதான். நான் மறைத்தாலும், ஒரே பொது வாசலைச் சுற்றி இருக்கும் எங்கள் ஆறு குடித்தனத்தில் யாராவது ஒருவர் போட்டு உடைத்துவிடுவார்கள். அதற்கு நானே சொல்லிவிடுவது மரியாதை.

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்கு எதிரே ஒரு மடக்கு மேசை, ஒரு குடை, ஒரு பேனா. பலராமன் என்கிற என்னுடைய தொழிற்சாலை அவ்வளவுதான். எண்பத்தொன்பதில் திருவண்ணாமலை தனி மாவட்டம் ஆகும்வரை, ஒரு காகிதம் நீட்டுவதற்கு வேலூருக்கு பஸ் ஏற வேண்டியிருந்தது. மாவட்டம் பிரிந்தபோது ஊரில் பட்டாசு வெடித்தார்கள். நான் போய் மேசை வாங்கினேன். பட்டா, ரேஷன் கார்டு, விதவைச் சான்று என்று எதற்கு வந்தாலும் எழுதுவேன். என் மனுவைப் படித்தால் கல் மனசும் கரையும் என்று எனக்கு ஒரு நினைப்பு. அந்த நினைப்புதான் வினையாகிப் போனது.

மணியம்மாள் எங்கள் வாசலில் கடைசி அறையில் குடியிருந்தார். புருஷன் ஆதிமூலம் மண்டியில் மூட்டை தூக்கியவர். செத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. பிள்ளை குட்டி கிடையாது. நாற்பது வருஷமாகக் கோயிலைச் சுற்றியுள்ள டீக்கடைகளுக்கும் மெஸ்களுக்கும் குடத்தில் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றியவர் அவர். தலையில் ஒரு குடம், இடுப்பில் ஒரு குடம். தீபத்தன்று கூட்டத்துக்குள் புகுந்து அவர் நடப்பதைப் பார்க்க வேண்டும். போலீஸ்காரர்கூட ஒதுங்கி வழிவிடுவார், வாய்க்குப் பயந்து.

அந்த வாய் சாதாரண வாயில்லை. ஒரு பௌர்ணமிக்கு ஓட்டல்காரர் ஒருவர் கூலியோடு சேர்த்து முந்தின நாள் வடை நாலைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். மணியம்மாள் அதைக் கல்லாப்பெட்டி மேலேயே வைத்தார். "கூலி குடுத்தா வாங்குவேன். மீந்தது குடுக்கணும்னா கோபுர வாசல்ல நெறைய பேர் குந்தினிருக்காங்க, அங்க போய்க் குடு" என்றார். கை நீட்டி வாங்கிப் பழக்கமில்லாத பெண்மணி. எனக்கு அவரிடம் பிடித்ததும் அதுதான், எரிச்சல் மூட்டியதும் அதுதான்.

தொண்ணூற்றேழில் இரண்டு முழங்காலும் வீங்கிவிட்டன. கடைகளும் ஒவ்வொன்றாகக் குழாய் போட்டுக்கொண்டன. வேலை போனது. அடுத்த அறையில் இருந்த பாஞ்சாலைதான் சோறு போட்டாள். அவள் காலையில் வாசலில் இட்லி சுட்டு விற்பவள். அதில் இரண்டு பெண் பிள்ளைகளைப் படிக்க வைத்துக்கொண்டிருந்தாள். மணியம்மாளை அவள் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவாள். ரத்த சொந்தம் ஒன்றும் கிடையாது, பக்கத்து அறைக்குக் குடிவந்த முதல் நாள் வாயில் வந்த சொல் அப்படியே நிலைத்துவிட்டது.

ஆனால் மணியம்மாளுக்குக் கண் போகவில்லையே. தனக்குப் போட்ட பிறகு பாஞ்சாலை சட்டியை வழித்துத் தின்பதைப் பார்த்துவிட்டார். மறுநாளிலிருந்து, "பசிக்கலடி, டீக்கடைல பன்னு தின்னேன்" என்று ஆரம்பித்தார். எந்த டீக்கடையும் அவருக்கு பன் கொடுக்கவில்லை. எனக்குத் தெரியும், விசாரித்தேன்.

அன்றைக்குத்தான் எனக்குக் கோபம் வந்தது. "அக்கா, ஊர்ல இருக்கிறவங்களுக்கெல்லாம் முதியோர் பணம் எழுதிக் குடுக்கிறேன். நீ என்னாண்ட ஒரு வார்த்தை கேட்டியா? மாசாமாசம் மணியார்டர் வரும். ரேஷன்ல அரிசி. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் சேலை."

"கவருமெண்டு போடற பிச்சைடா அது."

"பிச்சையா? நாப்பது வருஷம் இந்த ஊருக்குத் தண்ணி ஊத்தின. தீப்பெட்டி வாங்கினப்பகூட வரி கட்டின. அது கணக்கில்லையா? உனக்குச் சேர வேண்டியதை வாங்கிக்க உனக்கு என்னா வெக்கம்?"

கொஞ்ச நேரம் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, "சரி, எழுது. இந்தப் பாஞ்சாலை சட்டிய வழிக்கிறத என்னால பாக்க முடியல" என்றார்.

எழுதினேன். பிரமாதமாக எழுதினேன். வயது அறுபத்தேழு, கணவர் காலமானார், உழைக்கச் சக்தியில்லை. இத்தோடு நிறுத்தியிருக்கலாம். 'இவ்வுலகில் எனக்கென்று ஒருவரும் இல்லாத அனாதையாக வாடுகிறேன்' என்று ஒரு வரியைச் சேர்த்தேன். திட்டமே ஆதரவற்றவர்களுக்கானது, அப்படி ஒரு வரி வேண்டும்தான். ஆனால் மணியம்மாளுக்கு மனுவைப் படித்துக் காட்டும்போது அந்த வரியை மட்டும் விழுங்கிவிட்டேன். படித்திருந்தால் கைநாட்டு வைத்திருக்க மாட்டார்.

இரண்டு மாதம் கழித்து வி.ஏ.ஓ. விசாரணைக்கு வரப்போகிறார் என்று தெரிந்தது. எங்கள் வாசலில் கல்யாணக் களை வந்துவிட்டது. ஆபீசர் வருகிறார், மானம் போகக்கூடாது என்று ஆளுக்கொன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். எதிர் அறை வள்ளி பிளாஸ்டிக் நாற்காலி, டேபிள் ஃபேன். பாஞ்சாலை தன் மூத்த மகளுக்கு என்று எடுத்துவைத்திருந்த புதுச் சேலையை மணியம்மாளுக்குக் கட்டிவிட்டாள். எவர்சில்வர் டம்ளரில் காபி. நான் வேலைக்குப் போய்விட்டு மத்தியானம் வந்து பார்த்தபோது, வி.ஏ.ஓ. கலையரசன் ஃபேன் காற்றில் உட்கார்ந்து இரண்டாவது முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தார்.

சின்ன வயசுப் பையன், நல்ல மாதிரி. மனுவைப் பிரித்து அந்த வரியை உரக்கப் படித்தார். "உங்களுக்குன்னு ஒருத்தரும் இல்லைன்னு எழுதியிருக்கு. சரிதானுங்களா?"

மணியம்மாள் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை இன்றைக்கும் நான் மறக்கவில்லை.

அதற்குள் பாஞ்சாலை முன்னால் வந்துவிட்டாள். "யாரு சார் அப்படி எழுதினது? எங்க பெரியம்மா அனாதையா? நாங்கல்லாம் செத்தா பூட்டோம்?"

"உங்க பெரியம்மாங்களா?"

"ஆமா சார். எங்க பெரியம்மாதான். மூணு வேளையும் நாங்கதான் போடறோம். ஒரு நாள் பட்டினி கெடந்திருக்காங்களான்னு கேளுங்க!"

"கேளுங்க சார்" என்று வள்ளியும் சேர்ந்துகொண்டாள்.

கலையரசன் மணியம்மாளைப் பார்த்தார். சோறு போட்டவளை எதிரில் வைத்துக்கொண்டு, எனக்கு யாருமில்லை என்று எந்த வாயால் சொல்வது? "இவங்கள்லாம் இருக்கும்போது நான் அப்படிச் சொன்னா என் நாக்கு அழுகிடும் சார்" என்றார் மணியம்மாள். கலையரசன் தலையாட்டிக்கொண்டே எழுதினார்.

பதில் வந்தது. தங்கை மகளின் பராமரிப்பில் வசதியாக உள்ளார், ஆகவே நிராகரிக்கப்படுகிறது. இல்லாத தங்கைக்கு ஒரு மகள். நான் கத்திய கத்தலில் தெரு நாயெல்லாம் ஓடிவிட்டது. "நாற்காலி போட்டீங்க, ஃபேன் போட்டீங்க, முறுக்கு குடுத்தீங்க. ஒரு மேளம்தான் கம்மி!"

"நீ மட்டும் ஒழுங்கா?" என்றாள் பாஞ்சாலை. "ஒரு வார்த்தை முன்னாடி சொன்னியாண்ணா?"



மணியம்மாள் யாரையும் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. இரண்டு நாள் கழித்து ஒரு துணிமூட்டையைக் கட்டி அறை மூலையில் வைத்திருந்தார். "வர்ற பௌர்ணமியோட மலை சுத்தற பாதைக்குப் போயிடறேன். அங்க வரிசையில குந்தினா ஒருவேளை சோத்துக்குப் பஞ்சமில்ல" என்றார். வடையைத் திருப்பி வைத்த கை அங்கே போய் நீளப்போகிறது. பௌர்ணமிக்குப் பதினோரு நாள் இருந்தது.

திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள். இந்த முறை ஒரு வரி அலங்காரம் இல்லாமல் எழுதினேன். பாஞ்சாலை எந்த உறவும் இல்லாத பக்கத்து வீட்டுக்காரி, மறுவிசாரணை வேண்டும் என்று மட்டும். மணியம்மாளை ஆட்டோவில் கூட்டிப்போய் வரிசையில் நிறுத்திக் கொடுக்க வைத்தேன். மனு தாலுகா ஆபீசுக்குப் போனது, வெள்ளிக்கிழமை வருவாய் ஆய்வாளர், ஆர்.ஐ. அம்மா வருவார் என்று தகவலும் வந்தது.

இப்போதுதான் உண்மையான கஷ்டம். பாஞ்சாலையை உட்கார வைத்துச் சொன்னேன். "அரசாங்கம் கேக்கறது யார் சோறு போடறாங்கன்னு இல்லம்மா. யார் போட்டே ஆகணும்னு. பெத்த புள்ள போட்டே ஆகணும். நீ நாளைக்கே நிறுத்தினா உன்னை யாரும் கேக்க முடியாது. அதைத்தான் நீ சொல்லணும். எழுதிக் கையெழுத்தும் போடணும்."

"அதாவது, அவங்க மூஞ்சிக்கு நேரா, இவங்க எனக்கு யாருமில்லன்னு நான் சொல்லணும்."

"ஆமா."

"போண்ணா அந்தாண்ட" என்று எழுந்து போய்விட்டாள். மூன்று நாள் என்னோடு பேச்சில்லை. எனக்கு இட்லியும் இல்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் மணியம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு பாஞ்சாலை அறைக்கு வந்தார். நான் வாசலில் இருந்தேன். "நாளைக்கு நீ சொல்லிடு" என்றார்.

"எனக்கு வாய் வராது பெரீம்மா."

"வரணும். நீ சொல்லலன்னா நான் மலைப்பாதையில போய் யாரு யாராண்டயோ கை நீட்டணும். அது உனக்குப் பரவால்லயா?" பாஞ்சாலை அழுதாள். மணியம்மாள் அழவில்லை. "நானும் சொல்றேன். ரெண்டு பேரும் சொல்லிடுவோம். வார்த்தைதானேடி."

ஆர்.ஐ. ரேணுகாம்பாள் ஐம்பதை நெருங்கியவர், கண்ணாடி போட்டவர். அன்று நாற்காலி இல்லை, ஃபேன் இல்லை; நின்றுகொண்டே கேட்டார். அறைக்குள் எட்டிப் பார்த்தார், மூட்டையைப் பார்த்தார், ரேஷன் கார்டைத் திருப்பினார். பிறகு பாஞ்சாலையிடம் வந்தார்.

"நீங்க இவங்களுக்கு என்ன உறவு?"

பாஞ்சாலை தரையைப் பார்த்தாள். "ஒறவு ஒண்ணும் இல்லைங்க."

"போன தடவை பெரியம்மான்னு சொல்லியிருக்கீங்க."

"வயசுல பெரியவங்க. மரியாதைக்குக் கூப்பிடறது. இந்த... இந்தம்மா பக்கத்து ரூம்ல வாடகைக்கு இருக்கிறாங்க. அவ்ளோதாங்க. எங்களுக்கு இவங்க யாருமில்ல."

"நீங்க சொல்லுங்கம்மா" என்று மணியம்மாள் பக்கம் திரும்பினார்.

"ஆமாங்க" என்றார் மணியம்மாள். குரல் திடமாகத்தான் இருந்தது. "எனக்கு யாருமில்லைங்க."

வாக்குமூலத்தில் பாஞ்சாலை கையெழுத்துப் போட்டாள். சாட்சிக்கு வள்ளியும் நானும். கையெழுத்துப் போடும்போது பாஞ்சாலையின் கண்ணீர் தாளில் சொட்டியது. ஆர்.ஐ. அதைப் பார்த்தார், ஒற்றி எடுத்தார். படியிறங்கும்போது நின்றார். "தப்பா ஒண்ணும் சொல்லலம்மா நீங்க. சட்டம் கேக்கறது பெத்த புள்ளைங்களத்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் தெரு முனை திரும்பும்வரை யாரும் யாரையும் பார்க்கவில்லை. பிறகு பாஞ்சாலை தன் வாயிலேயே இரண்டு அடி அடித்துக்கொண்டு ஓவென்று அழ ஆரம்பித்தாள். மணியம்மாள் அவள் கையைப் பிடித்து இழுத்தார். "எழுதிக்கிட்டுப் போயிட்டாங்க இல்ல? எழுந்திரு. சோறு போடு. நாலு நாளா நான் ஒழுங்காத் தின்னல."

பௌர்ணமி வந்தது, போனது. மூட்டை அவிழ்ந்தது. அடுத்த மாதம் போஸ்ட்மேன் வாசலில் நின்று மணியம்மாள் பெயரைக் கூப்பிட்டபோது ஆறு குடித்தனமும் வெளியே வந்துவிட்டது. கட்டை விரலில் மையோடு அந்த நோட்டுகளை வாங்கியவர், நேராகப் போய்ப் பாஞ்சாலையின் இட்லிப் பானை முன்னால் உட்கார்ந்தார். "நாலு இட்லி, காரச் சட்னி ஜாஸ்தியா. காசு இருக்குது" என்றார். அவர் அப்படி அதிகாரமாகக் கேட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, நானும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

இந்தப் பணத்தில் ஒரு சங்கடம், அவ்வப்போது சரிபார்க்க ஆள் வரும். ஆள் உயிரோடு இருக்கிறாரா, ஆதரவு ஏதும் முளைத்துவிட்டதா என்று கேட்பார்கள். முதல் முறை வந்தபோது பாஞ்சாலை மறுபடி கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் சொன்னாள். அடுத்த முறை முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாள்.

இரண்டாயிரத்து மூன்றில் ஒரு புது வி.ஏ.ஓ. வந்தார். வாசல்படியில் மணியம்மாள் உட்கார்ந்திருக்க, மேல்படியில் பாஞ்சாலை உட்கார்ந்து, எண்ணெய் வைத்து அவருக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். வி.ஏ.ஓ. நோட்டைப் பிரித்தார். "இந்தம்மாவுக்கு ஆதரவு யாராவது இருக்கிறாங்களா?"

"இந்தப் பெரியம்மா எங்களுக்கு யாருமில்லைங்க" என்றாள் பாஞ்சாலை, சீப்பை நிறுத்தாமல்.

"ஆமாங்க, யாருமில்ல" என்றார் மணியம்மாள். "சிக்கு இருக்குதுடி, மெதுவா வாரு."