சுருளுக்குள் ஓடும் வேண்டாத கரண்ட்

காந்தச் சுருளில் நாம் கொடுக்காத கரண்ட் எங்கே ஓடும் என்று, சுருளைச் சுற்றுவதற்கு முன்பே கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்துச் சொல்வது என் வேலை. சொன்னால் திட்டு விழும். சொல்லாவிட்டால் பிறகு பெரிதாக விழும். மாடலை ஓடவிட்டு, சதவீதம் நகருமா என்று திரையையே பார்த்துக்கொண்டிருக்கும் சக பாவிகளுக்குப் புரியும்.

யாருக்கு வேண்டாதது?

செந்துறையில் வீட்டிலிருந்தே வேலை. மாமனாருக்கு ஒருநாள் விளக்கினேன். கம்பிக்குப் பதில் ரிப்பன் மாதிரி ஒரு பட்டை. நன்றாகக் குளிர வைத்தால் கரண்ட் தடையே இல்லாமல் ஓடும். ஆனால் காந்தம் ஏற ஏற, பட்டைக்குள்ளேயே தனியாக ஒரு கரண்ட் கிளம்பி, ஒரு ஓரமாகப் போய் மறு ஓரமாகத் திரும்பும். தடை இல்லாததால் சட்டென்று அடங்காது. பட்டையின் ஓரத்தை இழுத்து மடக்கிவிடும்.

லோ வோல்டேஜில் மோட்டார் ஓடாமல் திரும்பி வந்திருந்தவர், பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "வேண்டாத கரண்ட்டுன்னா நம்ம கடலைக் கொல்லைப் பக்கம் திருப்பி விடச் சொல்லும்மா."

ஒரே கட்டம்

கோயம்புத்தூர் கஸ்டமரிடம் பட்டை ஒரு சுருளுக்குத்தான் இருந்தது. ஓரம் மடங்கினால் அவ்வளவும் வீண். பெங்களூர் ஆபீஸில் இருக்கும் பிரபாகர் மாடல் போட்டான். வேண்டாத கரண்ட் பூஜ்யம். கஸ்டமர் சுற்றுவதற்கு நாளே குறித்துவிட்டார்.

எனக்கு மனசு கேட்கவில்லை, திறந்து பார்த்தேன். மாடலில் பட்டையைக் கட்டம் கட்டமாகப் பிரித்துத்தான் கணக்குப் போட வேண்டும். சீக்கிரம் முடியட்டும் என்று முழு அகலத்துக்கும் ஒரே கட்டம் போட்டிருந்தான். போகிற கரண்டும் வருகிற கரண்டும் அதே கட்டத்துக்குள் கழிந்துபோனால் பூஜ்யம்தானே வரும்? போனில் கேட்டேன்.

"பூஜ்யம் வந்தப்ப எல்லாரும் சந்தோஷமா இருந்தோம்லக்கா" என்றான்.

அரியலூர் பஸ்

அகலத்தைப் பல கட்டமாகப் பிரித்து மறுபடி ஓட்டினேன். பாதியில் செந்துறையில் பராமரிப்புக்காக நாள் முழுக்க கரண்ட் கட் என்று அறிவிப்பு. கஸ்டமர் குறித்த நாளோ நெருங்கிவிட்டது. ஓட்டத்தை நிறுத்திச் சேமித்துவிட்டு, ஆபீஸ் கொடுத்த கம்ப்யூட்டர் பெட்டியையும் மகளையும் தூக்கிக்கொண்டு அரியலூரில் நாத்தனார் வீட்டுக்கு பஸ் ஏறினேன். ஜன்னலோரம் பெட்டி, மடியில் மகள்.

கண்டக்டர் இரண்டையும் பார்த்தார். "கம்ப்யூட்டரை மடியில வச்சிக்கிட்டு புள்ளைய சீட்ல உக்கார வைங்கம்மா. அது ஒண்ணும் வெளிய வேடிக்கை பாக்காது."

மேல் ஓரம்

நாத்தனார் வீட்டில் ஓட்டம் முடிந்தது. சுருளின் மேல் ஓரத்தில் பட்டை தாங்காது என்று வந்தது. கஸ்டமருக்குப் போன் போட்டேன். "அந்தக் கரண்டை மட்டும் ரிப்போர்ட்லேருந்து எடுத்துட முடியுமா மேடம்?" என்று கேட்டார். ரிப்போர்ட்டிலிருந்து எடுக்கலாம் சார், சுருளிலிருந்து எடுக்க முடியாதே என்றேன். அவருக்குக் கோபம். கடைசியில், பட்டையில் ஒரு துண்டை மட்டும் வெட்டிச் சின்னதாகச் சுற்றி, வேறொரு பெரிய காந்தத்துக்குள் வைத்துப் பார்ப்பதாக ஒத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் போட்டோ அனுப்பினார். மேல் ஓரம் அப்பளம் மாதிரி நெளிந்திருந்தது. மிச்சப் பட்டை முழுசாக அப்படியே இருந்தது. டிசைனை மாற்றச் சொல்லிவிட்டார். கீழே ஒரு வரி: "இனிமே கெட்ட செய்தியா இருந்தா கொஞ்சம் முன்னாடியே சொல்லிடுங்க மேடம்."

நெளிந்துபோன சாமானின் போட்டோவைப் பார்த்துவிட்டு வீட்டில் கேசரி கிண்டுவது எங்கள் தொழிலில் மட்டும்தான் நடக்கும் என்று நினைக்கிறேன்.