குந்தியிருந்த கழுதை

போன சனிக்கிழமை ஒரு கழுதையைத் தூக்கினேன்.

மரக்கழுதை. பின்பக்கம் என் பொறுப்பு. முன்பக்கம் கீழ்மாடிச் சிவமண்ணை. இடையில் இன்னும் மூன்று தமிழர். ஐந்து பேர் சேர்ந்து முற்றத்திலிருந்து நிலவறைக்கு இறக்கினோம். முதுகு இன்னும் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் வலிப்பது முதுகு மட்டுமல்ல... சொல்கிறேன்.

நோர்வேயில், குரோருட்டில் நாங்கள் இருப்பது கூட்டுறவுக் குடியிருப்பு. வசந்தகாலம் வந்தால் 'டுக்னாட்' என்று அறிவித்தல் ஒட்டுவார்கள் — எல்லோரும் கூடி, சம்பளமில்லாமல், முற்றம் கூட்டி, வேலிக்குப் பெயின்ட் அடிக்கும் நாள். 'எல்லோரும்' என்பது அறிவித்தலில். வருவது யார் என்று உங்களுக்குத் தெரியாதா?

பதினேழு வருடத்தில் ஒரு டுக்னாட்டையும் நான் விட்டதில்லை. நிர்வாகக் குழுத் தலைவர் — ஸ்தைனார் என்று வைத்துக்கொள்ளுங்கள் — ஒவ்வொரு முறையும் என் தோளில் தட்டி 'ஃப்ளிங்க்!' என்பார். கெட்டிக்காரன் என்று அர்த்தம். சின்னப் பிள்ளைகளுக்கும் அப்படிச் சொல்வார்கள். நாய் பந்தை எடுத்துவந்தாலும் சொல்வார்கள்.

அதே ஸ்தைனாருக்கு, எங்கள் குளியலறைச் சுவரில் பூஞ்சணம் படர்வதைப் பற்றி மூன்று கடிதம் போட்டேன். 'கவனிக்கிறோம்' என்று மூன்று பதில். என் மனைவி வசந்தி இரண்டு குளிர்காலமாக இருமுகிறாள்.

அப்போதுதான் பெரிட் வந்தார். பெண் சிற்பி. அறுபது வயதிருக்கும். மரத்தில் மிருகங்கள் செதுக்குகிறவர். செதுக்குவது மிருகம், சொல்வது மனிதரைப் பற்றி. முற்றத்தில் சிலை வைக்கக் குழுவே அவரை அழைத்திருந்தது. வீடு வீடாக ஏறி, தேநீர் குடித்து, கதை கேட்டார். வசந்தி அவரை நேரே குளியலறைக்குக் கூட்டிப்போனாள். பெரிட் சுவரைத் தடவிப் பார்த்தார். போகும்போது, டுக்னாட்டுக்கு நான் போடும் பழைய மஞ்சள் வெஸ்டைத் தரமுடியுமா என்று கேட்டார். கொடுத்தேன்.

மே மாதம் திரை விலகியது. இரண்டு சிலைகள். ஒன்று நரி — கக்கத்தில் ஃபைல், கழுத்தில் ஸ்தைனாருடையதைப் போலவே கோடுபோட்ட ஸ்கார்ஃப். மற்றது கழுதை. என் வெஸ்டைப் போட்டுக்கொண்டு, பக்கத்தில் ஒரு தகர வாளியோடு குந்தியிருந்தது.

சிவமண்ணைக்கு முகம் கறுத்துவிட்டது.

"பாத்தியே தம்பி? வருசா வருசம் குப்பை அள்ளின எங்களைக் கழுதை எண்டிட்டாள்!"

"அப்பிடியில்லை அண்ணை, அவ..."

"என்ன அப்பிடியில்லை? உந்த மஞ்சள் சட்டையை இஞ்சை ஆர் போடுறது? ராசாவோ?"

எனக்கும் முதலில் வெட்கமாகத்தான் இருந்தது. தயங்கித் தயங்கிப் பெரிட்டிடமே கேட்டேன் — ஏன் கழுதை? அவர் ஆச்சரியமாகப் பார்த்தார்.

"எங்கள் பேச்சில் கழுதை என்றால் பிடிவாதக்காரன். தள்ளினாலும் அசையாது. பாருங்கள், வாளியைக் கீழே வைத்துவிட்டது. உங்கள் சுவரைத் திருத்தும்வரை எழும்பாது."

அதன்பிறகுதான் சரியாகப் பார்த்தேன். முன்னங்கால் இரண்டையும் நிலத்தில் ஊன்றி, முகத்தைக் குழு அலுவலகத்தின் பக்கம் திருப்பி... நான் பதினேழு வருடம் செய்யாததை அது செய்துகொண்டிருந்தது! நமக்குக் கழுதை என்றால் சுமப்பது. அவர்களுக்கு மறுப்பது. மிருகம் ஒன்றுதான்.

இதைச் சிவமண்ணையிடம் சொன்னேனா? இல்லை. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று... வாராவாரம் இந்தப் பத்தியில் உங்களோடு இவ்வளவு அளக்கிற நான், நாலு பேர் முன்னால் வாய் திறக்கமாட்டாதவன். அதற்குள் அவர் கையெழுத்துச் சேர்த்து, 'கழுதைச் சிலை தமிழரை அவமதிக்கிறது' என்று குழுவுக்குக் கடிதம் கொடுத்துவிட்டார்.

பூஞ்சணத்துக்கு மூன்று கடிதத்திலும் அசையாத குழு, இந்த ஒரு கடிதத்துக்கு ஒரே வாரத்தில் கூட்டம் வைத்தது! ஸ்தைனாரின் முகத்தில் அப்படியொரு கவலை.

"எங்கள் தமிழ் அயலவர்களின் மனம் புண்படக்கூடாது. இரண்டு சிலைகளையும் அகற்றிவிடுவோம்."

இரண்டையும்! நரியைப் பற்றி அந்தக் கடிதத்தில் ஒரு சொல்கூட இல்லை. நம்முடைய மானம் மற்றவர்களுக்கு எவ்வளவு வசதியாக இருக்கிறது, பார்த்தீர்களா?

என் சட்டைப்பையில் ஒரு தாள் இருந்தது. நோர்வேஜிய மொழியில் மூன்றே வசனம். கழுதை இருக்கட்டும். அது எங்களுக்காகத்தான் குந்தியிருக்கிறது. சுவரைத் திருத்துங்கள். முதல்நாள் வசந்தி என்னைப் பூஞ்சணச் சுவருக்கு முன்னால் நிற்கவைத்து வாசிக்கப் பழக்கியிருந்தாள்.

"உச்சரிப்புப் பிழைச்சால் என்னப்பா? சிரிக்கிறவன் சிரிக்கட்டும். இந்தமுறை மட்டும் வாயைத் திறவுங்கோ."

"யாராவது பேச விரும்புகிறீர்களா?" என்று ஸ்தைனார் கேட்டார். தாளைத் தொட்டேன். சுற்றிலும் பார்த்தேன்... பிறகு ஒருவழியாகத் துணிந்து கையை உயர்த்தினேன்.

அதற்குள் வாக்கெடுப்புத் தொடங்கியிருந்தது. அகற்றச் சம்மதிப்பவர்கள் கையை உயர்த்தியிருந்தார்கள் — நானும்தான்.

"ஏகமனதாக!" என்றார் ஸ்தைனார். என்னைப் பார்த்து நன்றியோடு தலையாட்டினார்.

கையை இறக்கினேன். இறக்கும்போதாவது ஏதாவது சொல்லியிருக்கலாம்.

சிலைகளை அகற்றச் சனிக்கிழமை டுக்னாட் என்று அறிவித்தல் வந்தது. யாருடைய மனம் புண்படக்கூடாது என்றார்களோ, அவர்கள் ஐந்து பேரும் சரியான நேரத்துக்குப் போய் நின்றோம். நரியையும் நாங்கள்தான் தூக்கினோம். அது பாரமே இல்லை. கழுதைதான் படியில் இரண்டு தரம் இறுகிக்கொண்டு நின்றது. எல்லாம் முடிந்ததும் தோளில் ஒரு தட்டு.

"ஃப்ளிங்க்!"

வீட்டுக்கு ஏறினேன். வசந்தி பல்கனியில் நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். இருமி முடித்துவிட்டுச் சொன்னாள்:

"கழுதை கடைசிமட்டும் எழும்பேல்லை. நீங்கள்தான் எழும்பிப் போனியள்."

போன் அடித்தது. ஸ்தைனார். வாளி முற்றத்திலேயே கிடக்கிறதாம்.

இறங்கிப் போய் எடுத்து வைத்துவிட்டு வந்தேன்.