சுங்கை வேயில் வேலிக்கு வெளியே நின்ற கார்கள்

சனிக்கிழமை, காலை 10.20. விமான நிலையத்திலிருந்து ரயிலில் ஐம்பத்தைந்து ரிங்கிட் கொடுத்து வந்து பிரிக்ஃபீல்ட்ஸில் இறங்கினேன். தங்கை கலா ஒரு பூக்கடை வாசலில் நின்று எலுமிச்சம்பழம் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஓசூரிலிருந்து இவ்வளவு தூரம் வந்த அண்ணனை ஏறிட்டுக்கூடப் பார்க்காமல், "அண்ணே, இந்த மாலையைப் புடிங்க" என்றாள். புதுக் கார் வாங்கியிருக்கிறார்கள், சாயங்காலம் கிள்ளான் கோயிலில் பூஜை. மாப்பிள்ளை சேகர் காரை எடுக்கப் போயிருந்தார். சின்ன வயதில் ஊரில் என்னோடு ரத்தம் வரும் அளவுக்குச் சண்டை போட்ட தங்கை இப்போது நாலு பழத்துக்குப் பேரம் பேசுவதைப் பார்க்க எனக்குச் சிரிப்பு வந்தது.

11.15. கிள்ளானுக்கு முப்பத்தைந்து கிலோமீட்டர் சொச்சம். செல்பேசியில் அழைத்த டாக்சி, ஐம்பத்திரண்டு ரிங்கிட், டோல் தனி. வந்தது உள்நாட்டுக் கார். ஓட்டியவர் ராஜு, ஐம்பது வயதிருக்கும்.

"உங்க புதுக் காரும் இதே கம்பெனிதானா?" என்று கலாவிடம் கேட்டேன்.

"ஐயோ, இல்லண்ணே. வெளி காரு. கப்பல்ல வந்தது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சேகர் பத்தொன்பது வருடமாக சுங்கை வேயில் ஒரு தொழிற்சாலையில் கார்க் கதவுக்கு ரப்பர் செய்பவர். அந்த ரப்பர் போவது உள்நாட்டுக் கார்களுக்கு மட்டும். சோறு போடும் காரை விட்டுவிட்டு வேறு காரா?

"மழையில பெடரல் ஹைவேயில மகனோட ஒரு மணி நேரம் நின்னேன்ண்ணே. பழைய காரு நவுரல. அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன் லா" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "புக் பண்ணப்புறம்தான் பாக்டரில ஆள் குறைக்கிற பேச்சு வந்துச்சு. வண்டி விக்கல, ரெண்டு லைன்ல ஒண்ண மூடுறாங்களாம். திங்கக்கெழம வேலை போறவங்க பேரு ஒட்டுவாங்க. எனக்குத் தூக்கமே இல்ல."

முன்னாலிருந்து ராஜு நுழைந்தார். "நான் சொல்றேன் பாஸ். வெளி காருக்கு வரியைப் போட்டு நம்ம காரை இடுப்புலயே தூக்கி வச்சிருந்தாங்க. எறக்கி விட்டா எப்படி நடக்கும்?"

"அப்ப நீங்க ஏன் இதை வாங்கினீங்க?"

"ஸ்பேர் சாமான் சீப்பு பாஸ். எந்த வொர்க்‌ஷாப்லயும் செய்வாங்க. ரொம்ப நல்ல காரு." சற்று யோசித்து, "அடுத்தது வெளி காருதான் எடுக்கணும்" என்றார்.

நல்ல கார் என்கிறார், வேண்டாம் என்கிறார். ஒரு கேள்விக்கு ஒரு விடை வேண்டும் என்பது என் பிடிவாதம். "இந்த எஞ்சினாவது உள்ளூர்தானே?" என்று கேட்டுத் தொலைத்தேன். அது ஒரு வெளிநாட்டுக் கம்பெனியோடு சேர்ந்து செய்தது என்று அவர் சொன்னதும், கேள்வியை விட்டுவிட்டு ஜன்னல் வழியே கார்களை எண்ண ஆரம்பித்தேன்.

மாலை 5.00. கோயில் வாசலில் வெள்ளைக் கார் பளபளவென்று நின்றது. சேகர் என்னைப் பார்த்ததும் கட்டிக்கொண்டார். சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு எலுமிச்சம்பழம் வைத்து, குருக்கள் கற்பூரம் காட்டினார். எல்லாரும் கும்பிட்டார்கள். சேகர் மட்டும் ஓட்டுநர் கதவைத் திறந்து, விளிம்பு ரப்பரைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்படி மாப்பிள்ளை?"

"எங்க ரப்பரும் இதே தரம்தான் மச்சான். அடிச்சுச் சொல்வேன். ஆனா ஒரு அச்சு செய்ய எவ்வளவு செலவோ, அது எல்லாருக்கும் ஒண்ணுதான். வெளி கம்பெனிக்காரன் அதை வச்சுப் பல நாட்டுக்கு அடிக்கிறான். நாங்க ஒரு நாட்டுக்கு அடிக்கிறோம். எங்க கட்டும்?"

ராஜு சொன்னதற்கும் இதற்கும் பொருத்தமே இல்லை. ஆனால் இரண்டும் சரி மாதிரிதான் பட்டது. கார் பழங்களை நசுக்கிக்கொண்டு முன்னால் நகர்ந்தது. கலா கண்ணை மூடிக் கும்பிட்டது காருக்காக இல்லை என்று எனக்குத் தெரியும்.

ஞாயிறு முழுவதும் வீட்டுக்கு ஆள் வந்துகொண்டே இருந்தது. காரைப் பார்த்தவர்கள் விலை கேட்டார்கள், பாதி ஆட்கள் சேகரின் வேலையைப் பற்றிக் கேட்டார்கள். அவர் எல்லாரிடமும், "பார்ப்போம் லா" என்றார்.

திங்கள், காலை 7.40. பிற்பகல் எனக்கு பெங்களூர் விமானம். சேகர் வேலைக்குப் போகும் வழியில் ரயில் நிலையத்தில் என்னை இறக்கிவிடுவதாக ஏற்பாடு. பெடரல் ஹைவே நெரிசலில் நேரமாகிவிட, முதலில் தொழிற்சாலைக்கே விட்டார். வாசலில் காவலர் கையை நீட்டித் தடுத்தார். "லுவார், பாஸ்."

"வெளியே நிறுத்தணுமாம்" என்றார் சேகர். "நம்ம ரப்பர் போற காருக்குத்தான் உள்ள இடம். பழைய சட்டம்."

உள்ளே தகரக் கூரை போட்ட நிறுத்தத்தில் பாதிக்கு மேல் காலி. வேலிக்கு வெளியே செம்மண் திடலிலோ கார் வைக்க இடமில்லை. சேகர் இரண்டு சுற்று சுற்றினார்.

"அது எங்க சூப்பர்வைசர் காரு" என்றார். "அது ஸ்டோர் கணேசனோடது. அட, இவன் எப்ப மாத்தினான்?"

சாக்கடை ஓரமாக ஒருவழியாக நிறுத்தினோம். அவர் கை ஸ்டியரிங்கை விட்டு வரவில்லை. "பயமா இருக்கு மச்சான்" என்றார். தோளைத் தட்டினேன். வேறு டாக்சி பிடித்துக் கிளம்பும்போது, அவர் அந்தக் காலி நிறுத்தத்தைக் கடந்து உள்ளே நடந்து போவது தெரிந்தது.

பகல் 12.50. விமான நிலையம். போன் அடித்தது.

"என் பேரு இல்ல மச்சான்! லைன மூடல. ஆனா எட்டுப் பேரை அனுப்புறாங்க. என் பக்கத்து மெஷின் ஆளு பேரு இருக்கு." உடனே அடுத்ததற்குத் தாவினார். "இன்னொண்ணு. என்னோட இந்த மாடல் காரையே இனிமே பாகமா கொண்டாந்து இந்த நாட்டுலதான் பூட்டப் போறாங்களாம். அதுக்கு ரப்பர் ஆர்டர் எங்களுக்குத்தான்."

"அப்ப அது வெளிநாட்டுக் காரா, உள்நாட்டுக் காரா?"

"தெரியல மச்சான். உள்ள விடுவீங்களான்னு கேட்ல நிக்கிற கார்டைக் கேட்டேன். அவருக்கும் தெரியல."

வயிற்றில் பால் வார்த்தது. அந்தத் தைரியத்தில் கொஞ்சம் சீண்டலாம் என்று தோன்றியது. "என்ன இருந்தாலும் மாப்பிள்ளை, செய்யிற நீங்களே வாங்கலன்னா, அந்த உள்நாட்டுக் காரை வேற எவன் வாங்குவான்?"

சேகர் கோபப்படவில்லை. சிரித்தபடியே கேட்டார். "நீங்க கவர்மென்ட் ஸ்கூல் வாத்தியாருதானே மச்சான்? உங்க மகளை எந்த ஸ்கூல்ல போட்டிருக்கீங்க?"

விமானத்துக்குக் கூப்பிடுகிறார்கள் என்று சொல்லி போனை வைத்தேன். கூப்பிட இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது.